காலைல மட்டும் கிளாரிஃபையர்ல ஸ்லட்ஜ் பொங்கி வருது, தொட்டி நிஜமாவே சின்னதா?

ராத்திரி_ஷிப்ட்
எல்லாருக்கும் வணக்கம். ஓஎம்ஆர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்) பாத்துக்கறேன், சேந்து நாலு மாசம்தான் ஆகுது, படிச்சது டிப்ளமோ மெக்கானிக்கல், இந்த தண்ணி வேலை எல்லாம் இங்க வந்து கத்துக்கிட்டதுதான். பிளான்ட் 180 கேஎல்டி (நாளைக்கு 180 கன மீட்டர்), எக்ஸ்டெண்டட் ஏரேஷன், அதாவது டேங்க்ல ரொம்ப நேரம் காத்தடிச்சு பாக்டீரியாவை வச்சு சுத்தம் பண்ற முறை. காலைல ஏழு மணில இருந்து ஒம்போதரை வரைக்கும் செகண்டரி கிளாரிஃபையர்ல (ஏரேஷனுக்கு அப்புறம் தெளிய வைக்கற தொட்டி) ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியா வண்டல், புகை மாதிரி எழும்பி வந்து வீர் (தண்ணி வழியற விளிம்பு) தாண்டி போயிடுது, அதுக்கு அப்புறம் இருக்கற சாண்ட் ஃபில்டர் ஒரு மணி நேரத்துல அடைச்சுக்குது. பத்து மணிக்கு மேல தானா தெளிஞ்சுடும். மறுபடி மத்தியானம் ரெண்டு மணி வாக்குல கருப்பா கட்டி கட்டியா மிதந்து வரும், கூடவே பொடிப்பொடியா குமிழி. ஃபிளஷ் தண்ணி நாறுதுன்னு தெனமும் கம்ப்ளெயின்ட். வெண்டர் வந்து பாத்துட்டு தொட்டி சின்னது, டியூப் செட்லர் (சாய்வான குழாய் அடுக்கு) போட்டாதான் சரியாகும்னு ஒரு பெரிய கொட்டேஷன் குடுத்துட்டு போயிருக்காங்க. அசோசியேஷன் செகரட்டரி என்கிட்ட "நீ என்னப்பா சொல்ற"ன்னு கேக்கறார். எனக்கு பதில் தெரியல. யாராச்சும் சொல்லுங்க.

பழைய_பிளான்ட்காரன்
தம்பி, நீ நல்லா கவனிச்சு எழுதிருக்க. காலைல வர்றது வேற, மத்தியானம் வர்றது வேற, ரெண்டுக்கும் ஒரே மருந்து கெடையாது. கொட்டேஷனை ஓரமா வச்சுட்டு மொதல்ல இதெல்லாம் சொல்லு. தொட்டி நீள அகலம் என்ன, அடிப்பக்கம் புனல் மாதிரி சரிஞ்ச ஹாப்பரா, அந்த சரிவு எத்தன டிகிரி. ஈக்வலைசேஷன் (ஈக்யூ) டேங்க்ல, அதான் வர்ற தண்ணிய தேக்கி சீரா அனுப்பற டேங்க்ல இருந்து தூக்கற பம்ப் மணிக்கு எவ்ளோ குடுக்கும், காலைல எத்தன பம்ப் ஓடுது. ஆர்ஏஎஸ் (கிளாரிஃபையர் அடில இருந்து ஏரேஷனுக்கு திருப்பி விடற ஸ்லட்ஜ்) எப்படி திரும்ப போகுது, காத்தால தூக்கற ஏர் லிஃப்ட்டா பம்ப்பா. எம்எல்எஸ்எஸ் (ஏரேஷன் டேங்க்ல லிட்டருக்கு எத்தன மில்லிகிராம் ஸ்லட்ஜ்) எவ்ளோ. ஒரு லிட்டர் மெஷரிங் சிலிண்டர் இருந்தா ஏரேஷன் டேங்க் தண்ணிய புடிச்சு அரை மணி நேரம் வெச்சு பாரு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ அளவு எழுதிக்கோ. அரை மணி ஆச்சுன்னு ஊத்திடாத, ரெண்டு மணி நேரம் அப்படியே விட்டு அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னும் பாரு.

ராத்திரி_ஷிப்ட்
அண்ணே, ரொம்ப நன்றி. இன்னிக்கு எல்லாம் அளந்துட்டேன். தொட்டி சதுரம், 3.5க்கு 3.5 மீட்டர். ஹாப்பர்தான், டிராயிங்ல 45 டிகிரின்னு இருக்கு. தூக்கற பம்ப் ரெண்டு, ஒவ்வொண்ணும் மணிக்கு 10 கன மீட்டர், ஒண்ணு ஸ்டாண்ட்பை. ஆனா காலைல ஈக்யூ டேங்க் ரொம்பிடும்னு பயந்து ரெண்டையும் போட்டுருவோம். ஆர்ஏஎஸ் ஏர் லிஃப்ட், 20 லிட்டர் பக்கெட் ரொம்ப பத்து செகண்ட் ஆச்சு. எம்எல்எஸ்எஸ் லேப் ரிப்போர்ட்ல 3500. சிலிண்டர்ல ஸ்லட்ஜ் மட்டம் பத்தாவது நிமிஷம் 520 மில்லி, முப்பதாவது நிமிஷம் 420, மேல தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஒண்ணே முக்கால் மணி நேரம் கழிச்சு அடில இருந்த ஸ்லட்ஜ் அப்படியே மொத்தமா பிஞ்சு மேல வந்துருச்சு!! பயந்துட்டேன். இது நார்மலா?

பழைய_பிளான்ட்காரன்
பயப்படாத. அந்த சிலிண்டர் உனக்கு பாதி பதிலை சொல்லிருச்சு. 420ஐ ஆயிரத்தால பெருக்கி 3500ஆல வகுத்தா எஸ்விஐ (ஒரு கிராம் ஸ்லட்ஜ் உக்காந்தா எத்தன மில்லி புடிக்குதுங்கற அளவு) 120. 150 தாண்டினாதான் பல்க்கிங்னு, அதாவது ஸ்லட்ஜ் உப்பி உக்கார மாட்டேங்குதுன்னு சந்தேகப்படணும், உன் ஸ்லட்ஜ் நல்லாவே உக்காருது. கெட்ட ஸ்லட்ஜா இருந்தா ராத்திரி பகல் எல்லா நேரமும் பொங்கும், காலைல ரெண்டரை மணி நேரம் மட்டும் பொங்காது. பாக்டீரியா மேல குத்தம் இல்ல, தண்ணி வர்ற வேகத்துல இருக்கு. கணக்கு போடறவங்க வந்து போடுங்கப்பா, எனக்கு கைல எழுதித்தான் பழக்கம்.

டிசைன்_டேபிள்
நான் போடறேன். பரப்பு 12.25 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 180ன்னா ஓவர்ஃப்ளோ ரேட் 14.7, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 14.7 கன மீட்டர். எக்ஸ்டெண்டட் ஏரேஷன் செகண்டரி செட்லருக்கு சிபிஹெச்இஇஓ (மத்திய அரசோட குடிநீர், கழிவுநீர் பொறியியல் அமைப்பு) கையேடு சராசரிக்கு 8ல இருந்து 15, பீக்குக்கு 25ல இருந்து 35ன்னு சொல்லுது. டிசைன் பண்ணவர் எல்லையை ஒட்டி வச்சிருக்கார், ஆனா தப்புன்னு சொல்ல முடியாது. இப்ப காலைல ரெண்டு பம்ப், மணிக்கு 20. அதே வேகத்துல நாள் பூரா ஓடினா 480, பரப்பால வகுத்தா 39. பீக் எல்லையையும் தாண்டியாச்சு.

சாலிட்ஸ் லோடிங் பாருங்க, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு எத்தன கிலோ ஸ்லட்ஜ் வருதுன்னு. ஆர்ஏஎஸ் செகண்டுக்கு 2 லிட்டர்னா மணிக்கு 7.2 கன மீட்டர். சராசரி நாள்ல சதுர மீட்டருக்கு சுமார் 101 கிலோ வருது, கையேட்டுல 25ல இருந்து 120, பீக் 170. காலைல ரெண்டு பம்ப் ஓடறப்ப சுமார் 186. ஆக பேப்பர்ல பாஸ் ஆன தொட்டி அந்த ரெண்டரை மணி நேரம் மட்டும் ரெண்டு கணக்குலயும் ஃபெயில் ஆகுது. தொட்டி சின்னதுன்னு வெண்டர் சொன்னது 20 கன மீட்டருக்கு சரி. 180 கேஎல்டி பிளான்ட்டுக்கு 20 எதுக்கு வரணும்? ஈக்யூ டேங்க் கட்டினதே அதை வர விடாம தடுக்கத்தானே.

எம்இ_மாணவி
ஒரு சந்தேகம் சார். ஓவர்ஃப்ளோ ரேட் போடறப்ப ஆர்ஏஎஸ்ஸை சேக்கல, சாலிட்ஸ் லோடிங்ல மட்டும் சேத்தீங்க. எங்க கிளாஸ்ல பாதி பேர் ரெண்டுலயும் சேத்துட்டு மார்க் போச்சு. ஏன்னு யாரும் மனசுல நிக்கற மாதிரி சொல்லல.

டிசைன்_டேபிள்
நல்ல கேள்வி மா. உள்ள வர்ற தண்ணி ரெண்டா பிரியுது. ஒரு பங்கு மேல ஏறி வீர் வழியா வெளிய போகுது, இன்னொரு பங்கு கீழ இறங்கி ஆர்ஏஎஸ்ஸா திரும்பி போகுது. ஒரு ஃபிளாக் (ஸ்லட்ஜ் துணுக்கு) மேல இழுக்கப்படுமா கீழ விழுமாங்கறதை தீர்மானிக்கறது மேல ஏறுற தண்ணியோட வேகம் மட்டும்தான், அதனால அந்த கணக்குல ஆர்ஏஎஸ் வராது. ஆனா ஏரேஷன் டேங்க்ல இருந்து தொட்டிக்குள்ள வர்ற ஸ்லட்ஜ் மொத்தத்தையும் இந்த பரப்புதான் கீழ அனுப்பியாகணும், அதுல ஆர்ஏஎஸ் தண்ணி கூட கூட்டிட்டு வந்த ஸ்லட்ஜும் இருக்கு. அதனால அங்க சேக்கணும்.

இன்னொண்ணு, ஆழத்தை கூட்டினா சரியாயிடும்னு நிறைய சிவில் நண்பர்கள் நினைப்பாங்க. ஆலன் ஹேஸன் 1904லயே தனித்தனியா விழற துகளுக்கு ஆழம் முக்கியமில்ல, பரப்புதான் முக்கியம்னு காட்டிட்டார். மணல் பிரிக்கற கிரிட், முதல் கட்ட பிரைமரி டேங்க் மாதிரி இடத்துல இது ஓரளவுக்கு பொருந்தும். செகண்டரில துகள் தனியா விழாது, போர்வை மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு மொத்தமா இறங்கும், அந்தப் போர்வை பீக் நேரத்துல ஏறி இறங்க இடம் வேணும், அங்க ஆழம் நிச்சயமா வேணும். மூணு மீட்டருக்கு கொறைச்சு கட்டின செகண்டரி கிளாரிஃபையரை பாத்தாலே எனக்கு பயமா இருக்கும்.

தோஹா_தண்ணி
நான் கத்தார்ல பெரிய பிளான்ட்ல ஷிப்ட் பாக்கறேன். இவ்ளோ கணக்கு எதுக்கு, பிளாங்கெட், அதான் அந்த ஸ்லட்ஜ் போர்வை, ஏறினா ஆர்ஏஎஸ்ஸை கூட்டணும், அவ்ளோதான். நாங்க அப்படித்தான் பண்றோம், ஒரு மணி நேரத்துல பிளாங்கெட் எறங்கிடும். ஏர் லிஃப்ட் வால்வை இன்னும் கொஞ்சம் தொறந்து விடுங்க ப்ரோ.

பழைய_பிளான்ட்காரன்
இது பாதி சரி, பாதி தப்பு, அந்த தப்பு பாதில எத்தனையோ பிளான்ட் மாட்டிக்கிட்டு இருக்கறதை நான் பாத்திருக்கேன் தம்பி. ஆர்ஏஎஸ் கூட்டினா கிளாரிஃபையர்ல இருந்து ஸ்லட்ஜ் வெளிய போகும், ஆனா அதே தண்ணி ஏரேஷன் டேங்க் சுத்தி அதே ஸ்லட்ஜோட திரும்ப உள்ளதான் வரும். கிளாரிஃபையர் ரெண்டு விதமா தோக்கும். ஒண்ணு, கீழ கெட்டியாக முடியாம தோக்கறது. இன்னொண்ணு, மேல ஏறுற தண்ணி ஸ்லட்ஜ் விழற வேகத்தை விட வேகமா போய் தோக்கறது. மொதல் விதத்துக்கு ஆர்ஏஎஸ் கூட்டறது உதவும், ரெண்டாவதுக்கு எவ்ளோ கூட்டினாலும் உதவாது. உங்க ஊர் பிளான்ட்ல பரப்பு தாராளமா இருக்கும், அதனால எப்பவும் மொதல் விதம் மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கும்.

டிசைன்_டேபிள்
அண்ணன் சொன்னதுக்கு நம்பர் இருக்கு. சிலிண்டர் உயரம் 34 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா, பத்து நிமிஷத்துல 1000ல இருந்து 520க்கு இறங்கினது சுமார் 16 சென்டிமீட்டர், மணிக்கு கிட்டத்தட்ட 0.98 மீட்டர். குறுகலான சிலிண்டர்ல சுவர் உரசும், அதனால இதை துல்லியம்னு எடுத்துக்காதீங்க, ஒரு கைப்பிடி கணக்கு. ரெண்டு பம்ப் ஓடறப்ப தண்ணி மேல ஏறுற வேகம் 20ஐ 12.25ஆல வகுத்தா 1.63. விழறது 0.98, ஏறுறது 1.63, எப்படி நிக்கும்? ஒரே பம்ப்னா 0.82. நிக்கும்.

கீழ் பக்கமும் பாத்துருவோம். எஸ்விஐ 120னா இந்த ஸ்லட்ஜ் லிட்டருக்கு சுமார் 8.3 கிராம் வரைக்கும்தான் கெட்டியாகும்னு எடுத்துக்கலாம். காலைல உள்ள வர்ற 27.2 கன மீட்டர்ல இருக்கற ஸ்லட்ஜ் மொத்தத்தையும் 7.2 கன மீட்டர்ல திருப்பி அனுப்பணும்னா அது லிட்டருக்கு 13.2 கிராமா கெட்டியாகணும், நடக்காது. மணிக்கு 95 கிலோ உள்ள வருது, 60 கிலோதான் வெளிய போகுது, பாக்கி 35 கிலோ அடில தேங்குது. அதனாலதான் பம்ப் போட்டவுடனே பொங்காம கொஞ்ச நேரம் கழிச்சு பொங்குது. தோஹா நண்பர் சொன்னதுல நியாயம் இருக்கு, ஒரே பம்ப்புக்கு மாறினாலும் லிட்டருக்கு 8.36 கிராம் தேவைப்படுது, விளிம்புலதான் இருக்கு. காலைல மட்டும் ஆர்ஏஎஸ்ஸை கொஞ்சம், மணிக்கு 8, 8.5 கன மீட்டர் வரைக்கும் கூட்டி வச்சுக்கறது நல்லதுதான்.

தோஹா_தண்ணி
இப்ப புரியுது அண்ணே. இங்க ஸ்கிரீன்ல பிளாங்கெட் லெவல் வரும், வால்வ் திறப்போம், இறங்கிடும், ஏன்னு யோசிச்சதே இல்ல. நன்றி.

ராத்திரி_ஷிப்ட்
ஆனா சார், ஒரே பம்ப் போட்டா ஈக்யூ டேங்க் நிஜமாவே ரொம்பி வழிஞ்சுடும். ஒரு தடவ அப்படி ஆகி பேஸ்மென்ட்ல தண்ணி வந்துருச்சாம், அதுல இருந்துதான் ரெண்டு பம்ப் பழக்கமே. டேங்க் 60 கன மீட்டர்.

பழைய_பிளான்ட்காரன்
60ன்னா எட்டு மணி நேரத்து சராசரி தண்ணி புடிக்கும், போதுமானது. வழியுதுன்னா காலைல அது ஏற்கனவே ரொம்பி இருக்குன்னு அர்த்தம். ராத்திரி அந்த பம்ப் ஓடுதா ஓடலியா? உண்மைய சொல்லு.

ராத்திரி_ஷிப்ட்
ஓடாது அண்ணே. பதினோரு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ஆஃப். கிரவுண்ட் ஃப்ளோர்ல ஒரு வீட்ல தடால் தடால்னு சத்தம் கேக்குதுன்னு சொன்னதால மேனேஜர் நிறுத்தச் சொன்னார். நான் சேர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான்.

பழைய_பிளான்ட்காரன்
அதான் விஷயம். ராத்திரி ஆறு மணி நேரம் நிறுத்தி வச்சுட்டு காலைல ரெண்டு பம்ப்ல அள்ளி ஊத்தறீங்க, கிளாரிஃபையர் என்ன பண்ணும் பாவம். சப்மெர்ஸிபிள் பம்ப் தண்ணிக்குள்ள இருக்கு, அது தடால்னு சத்தம் போடாது. பம்ப் நிக்கறப்ப என்ஆர்வி (தண்ணி திரும்பாம தடுக்கற வால்வ்) அடிக்கற சத்தம்தான் அது. அந்த வால்வை மாத்து, பைப் சுவத்தை தொடற எடத்துல ரப்பர் வை. ராத்திரி பூரா ஒரு பம்ப் ஓடட்டும், ஆனா டெலிவரி வால்வை பாதி மூடி ஓட்டாத, பம்ப் கெட வாய்ப்பிருக்கு, டெலிவரில இருந்து ஒரு பைபாஸ் லைன் எடுத்து மீதிய ஈக்யூலயே திருப்பி விடு. மணிக்கு எட்டு ஒம்போது கன மீட்டர் ஏரேஷனுக்கு போனா போதும், இருபதுல இருந்து இருபத்திரண்டரை மணி நேரத்துல 180 முடிஞ்சுடும். காலைல அஞ்சு மணிக்கு ஈக்யூ அடிமட்டத்துல இருக்கணும், அதை மட்டும் லாக்புக்ல தெனம் எழுது.

இந்த முறை எங்க பொறந்துச்சுன்னு தெரிஞ்சா நீ கிளாரிஃபையரை வேற மாதிரி பாப்ப. 1914ல மான்செஸ்டர்ல ஆர்டெர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் சாக்கடைத் தண்ணில காத்தடிச்சு பாத்தாங்க, சுத்தமாக வாரக்கணக்குல ஆச்சு. அவங்களுக்கு முன்னாடி காத்தடிச்சவங்க பெரும்பாலும் அடில தங்கின வண்டலை தூக்கிப் போட்டுட்டாங்க. இவங்க மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுத்துட்டு வண்டலை அப்படியே வச்சுக்கிட்டு புதுத் தண்ணி ஊத்தினாங்க, திரும்பத் திரும்ப பண்ணப் பண்ண மணிக்கணக்குல வேலை முடிய ஆரம்பிச்சுது. காத்தடிக்கறது அவங்களுக்கு முன்னாடியே இருந்துச்சு, வண்டலை காப்பாத்தினதுதான் புதுசு. அந்த காப்பாத்தற வேலைய இன்னிக்கு உன் 3.5 மீட்டர் தொட்டிதான் பண்ணுது. காலைல வீர் தாண்டி போறது அழுக்கு இல்ல, உன் பிளான்ட்டோட வேலைக்காரங்க.

சாயப்பட்டறை_ஊர்க்காரன்
திருப்பூர்ல பொது சுத்திகரிப்பு நிலையத்துல இருக்கேங்க. இதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியலைங்க. 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறைகள மூடச்சொன்னப்ப எங்க ஊரே நின்னு போச்சு, நொய்யல்லயும் ஒரத்துப்பாளையம் டேம்லயும் சாயத்தண்ணி தேங்கி விவசாயிங்க பட்ட பாடு எல்லாருக்கும் தெரியுமுங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டு வெளிய விடாம ஆர்ஓ, எவாப்பரேட்டர்னு போனோம். ஆர்ஓ மெம்பரேன் எல்லாம் பெரிய விலைங்க, அதுக்கு முன்னாடி காவக்காரன் மாதிரி நிக்கறது கிளாரிஃபையர். அங்க ஒரு நாள் ஸ்லட்ஜ் தப்பிச்சா ஃபில்டர் அடைச்சு, யூஎஃப் (நுண் வடிகட்டி) அடைச்சு, ஆர்ஓ பிரஷர் ஏறி, எல்லா செலவும் பின்னாடியே வருமுங்க.

எங்களுக்கு இருக்கற தனி கஷ்டம் சூடுங்க. சாயத்தண்ணி சூடா வரும், தொட்டில இருக்கற தண்ணிய விட ரெண்டு மூணு டிகிரி கூட இருந்தாலே அது மேலாப்புல ஒரு ஓட்டமா ஓடி நேரா வீருக்கு போயிடுது, தொட்டி பாதி சும்மா நிக்குமுங்க. காகிதத்துல ரெண்டரை மணி நேரம் நிக்க வேண்டிய தண்ணி அரை மணில வெளிய வந்துருது. இதே மாதிரி செகண்டரில ஸ்லட்ஜ் தண்ணி கனமா இருக்கறதால அடியோட ஓடி, கடைசி சுவத்துல மோதி, சுவத்தோட மேல ஏறி வீருக்கே வருமுங்க. அதைத் தடுக்க வீருக்கு கீழ சுவத்துல சாய்வா ஒரு பலகை வைப்பாங்க, ஸ்டாம்ஃபோர்ட் பேஃபிள்னு பேரு. தம்பி தொட்டில நடுவுல ஃபீட் வெல் (உள்ள வர்ற தண்ணிய அடக்கி விடற வட்டத் தடுப்பு) ஒழுங்கா இருக்கானு பாருங்க. சில எடத்துல பைப் நேரா தண்ணிய தொட்டில பாய்ச்சுது, அப்படி இருந்தா எந்த கணக்கும் நிக்காதுங்க.

ராத்திரி_ஷிப்ட்
ஃபீட் வெல் இருக்குங்க அண்ணே, எஃப்ஆர்பி டிரம் மாதிரி, நல்லா இருக்கு. மத்தியானம் வர்ற கருப்பு கட்டிக்கு என்ன பண்றது? பக்கத்து பிளான்ட் ஆபரேட்டர், தண்ணிய இறக்கிட்டு ஹாப்பருக்குள்ள எறங்கி சுவத்தை சொரண்டி விட்டா ரெண்டு மாசத்துக்கு வராதுன்னு சொல்றார். ஞாயித்துக்கிழமை பண்ணலாம்னு இருக்கேன்.

பழைய_பிளான்ட்காரன்
எறங்காத. இதை ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி படிச்சியான்னு எனக்கு பதில் போடு.

அந்த ஹாப்பர் அடில அழுகின ஸ்லட்ஜ்ல ஹைட்ரஜன் சல்ஃபைட் இருக்கு, காத்தை விட கனமானது, குழில தேங்கும், ஸ்லட்ஜை கிளறின உடனே குபுக்னு வரும். கொஞ்சம் அதிகமானா மூக்குக்கு வாசனையே தெரியாம போயிடும், வாசனை இல்லன்னு நம்பி எறங்கினவங்க திரும்பல. காப்பாத்த போனவங்களும் சேந்து போயிருக்காங்க. என்கூட வேலை பாத்த ஒருத்தன் இப்படித்தான் போனான், அவன் பொண்டாட்டி முகத்தை என்னால இன்னும் மறக்க முடியல. கையால மலம் அள்ளறதை தடை பண்ற 2013 சட்டப்படி சாக்கடை, செப்டிக் டேங்குக்குள்ள பாதுகாப்பு சாதனம் இல்லாம ஆள எறக்கறதே குத்தம், அசோசியேஷன்ல யார் சொன்னாலும் முடியாதுன்னு சொல்லு.

எறங்காமலே பண்ணலாம். நீளமான கம்புல ரப்பர் ஸ்க்வீஜி கட்டி, மேல பிளாட்ஃபார்ம்ல நின்னுக்கிட்டே நாலு சுவத்தையும் தெனம் ஒரு தடவ மெதுவா தள்ளி விடு. 45 டிகிரில ஸ்லட்ஜ் வழுக்காது, சுவத்துலயே ஒட்டி ஒக்காந்துரும், ஹாப்பர்னா 60 டிகிரி சரிவாவது இருக்கணும். ஒட்டினது ஆக்ஸிஜன் இல்லாம கெடந்து, தண்ணில இருக்கற நைட்ரேட்டை தின்னு நைட்ரஜன் வாயுவா விடுது. அந்த குமிழிதான் கட்டிய மேல தூக்கிட்டு வருது. உன் சிலிண்டர்ல ஒண்ணே முக்கால் மணில நடந்தது இதேதான். பாலிமர் போட்டாலும் டியூப் செட்லர் போட்டாலும் இது நிக்காது. டியூப்ல ஸ்லட்ஜ் ஒட்டி பாசி மாதிரி வளந்து அதை கழுவறதே தனி வேலையாயிடும். தெளிய வைக்க பரப்பு கூடும், ஆனா கீழ கெட்டியாகறதுக்கு அதால ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்து எப்ப முழு ஷட்டவுன் வருதோ அப்ப முறையா காத்து அடிச்சு, கேஸ் டிடெக்டர், மேல ஆளு, கயிறு எல்லாத்தோட ஏஜென்சி வச்சு உள்சுவத்துல கான்கிரீட் பெஞ்சிங் (சரிவா பூச்சு) குடுத்து சரிவை 60 ஆக்கிக்கலாம்.

ராத்திரி_ஷிப்ட்
படிச்சுட்டேன் அண்ணே. எறங்கல. பக்கத்து பிளான்ட் அண்ணனுக்கும் உங்க பதிவை அனுப்பிட்டேன்.

எம்இ_மாணவி
இந்த இழைய எங்க கிளாஸ் குரூப்ல போடலாமா? ரெண்டு செமஸ்டர்ல புரியாத ஸ்டேட் பாயின்ட் (கிளாரிஃபையர் தாங்குமான்னு பாக்கற கணக்கு) இந்த ரெண்டு பதிவுல புரிஞ்சுது.

டிசைன்_டேபிள்
தாராளமா போடு மா. கணக்கை அவங்களையே திரும்பப் போட்டுப் பாக்கச் சொல்லு, நான் தப்பு பண்ணிருந்தா வந்து சொல்லட்டும்.

ராத்திரி_ஷிப்ட்
பன்னெண்டு நாள் கழிச்சு எழுதறேன். என்ஆர்வி மாத்தியாச்சு, அந்த கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டம்மாகிட்ட நானே போய் ராத்திரி சத்தம் வருதான்னு கேட்டேன், ரெண்டு நாளா இல்லப்பான்னு சொன்னாங்க. பைபாஸ் லைன் பிளம்பர் ஒரே நாள்ல போட்டுட்டார். ராத்திரி பூரா ஒரு பம்ப் ஓடுது, காலைல அஞ்சு மணிக்கு ஈக்யூ கிட்டத்தட்ட காலி. காலைல ஏர் லிஃப்ட்டை கொஞ்சம் கூட்டி வச்சேன், பக்கெட் எட்டரை செகண்ட்ல ரொம்புது. ஒம்போது நாளா காலைல பொங்கல. சாண்ட் ஃபில்டர் பேக்வாஷ் ஒரு நாளைக்கு நாலு தடவ இருந்தது ஒரு தடவையா ஆயிருக்கு. செகரட்டரி கீழ வந்து தண்ணிய கண்ணாடி டம்ளர்ல புடிச்சு பாத்துட்டு போனார்.

மத்தியான கட்டி முழுசா நிக்கல, தெனம் ஸ்க்வீஜி போட்டாலும் வடக்கு மூலைல கொஞ்சம் வருது. அங்கயே வீர்ல தண்ணியும் அதிகமா போற மாதிரி தெரியுது, எதிர்ப் பக்கம் நாட்ச்ல (வீர் விளிம்புல இருக்கற வெட்டு) சொட்டுதான் விழுது. இது ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

டிசைன்_டேபிள்
இருக்கலாம். உங்களுக்கு வீர் நீளம் தாராளமா இருக்கு, சுத்தி 14 மீட்டர்னா ஒரு மீட்டருக்கு நாளைக்கு 13 கன மீட்டர்தான், கையேடு 185 வரைக்கும் விடுது. ஆனா லெவல் இல்லன்னா அந்த நீளம் சும்மா. வி நாட்ச்ல தண்ணி உயரம் 2 சென்டிமீட்டர் இருக்கற எடத்தை விட 3 சென்டிமீட்டர் இருக்கற எடத்துல கிட்டத்தட்ட 2.75 மடங்கு தண்ணி போகும். தாழ்ந்த மூலைய நோக்கி எல்லாம் இழுத்துட்டு வரும். டியூப் லெவல் வச்சு நாலு மூலையும் பாருங்க.

ராத்திரி_ஷிப்ட்
பாத்துட்டேன் சார். வடக்கு மூலை 8 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கு. வீர் பிளேட் போல்ட் ஓட்டை நீளவாக்குலதான் இருக்கு, லூஸ் பண்ணா ஏத்தலாம். ரெண்டு போல்ட் துரு புடிச்சு வரமாட்டேங்குது, எண்ணெய் விட்டு வச்சிருக்கேன், நாளைக்கு காலைல பகல் ஷிப்ட் ஆளு வந்ததும் ரெண்டு பேரா பிளாட்ஃபார்ம்ல நின்னு மாத்தறோம்.